வேர்டில் ஒட்டிய எக்செல் சார்ட் ஏன் ஆளுக்கு ஆள் மாறித் தெரிகிறது?

"வேர்டு கோப்பில் சார்ட் சேர்ப்பது எப்படி, அதை நம் விருப்பப்படி மாற்றுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்தால் சார்ட் சேர்க்க உங்களுக்கு நன்றாகவே தெரியும் என்று புரிகிறது. ஆய்வேட்டில் ஏற்கெனவே 31 சார்ட் இருக்கிறது. எக்செல்லில் ஒரு நிறத்தில் இருந்தது வேர்டுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிட்டது. எக்செல்லில் எண்ணைத் திருத்தினால் சில சார்ட் மாறுகிறது, சில மாறவில்லை. நெறியாளரின் கணினியில் திறந்தால் ஏதோ லிங்க் பற்றிக் கேட்கிறது. இரண்டு மூன்று சார்ட்டில் மாவட்டப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வருகின்றன. ஆக, ஒட்டிய சார்ட் ஒட்டியபடி ஏன் நிற்கவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன். அழகுபடுத்தும் விஷயம் அதன் பின்னால் தானே வரும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு எதிரில், ஆய்வேடு தட்டச்சில் தொடங்கி பைண்டிங் வரை செய்து கொடுக்கும் கடையில் 16 வருடமாக வேலை செய்கிறேன். மாலையில் அலுவலகப் பணியாளர்களுக்கு வேர்டு, எக்செல் சொல்லித் தருவதும் உண்டு. புள்ளியியல் படித்தவன் அல்ல. உங்கள் எண்களுக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்பதை நெறியாளரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்வது விண்டோஸில் ஓடும் வேர்டு 2013-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் சார்ந்தது. மேக் கணினியில் மெனுக்கள் இருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேர்டில் நீங்கள் பார்க்கும் சார்ட் படம் அல்ல. எங்கோ இருக்கும் எண்களை வைத்து, அந்த ஆவணத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, திறக்கும் ஒவ்வொரு முறையும் வேர்டு புதிதாக வரைந்து காட்டும் உருவம் அது. எண்கள் எங்கே குடியிருக்கின்றன, உடுப்பு எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் நீங்கள் சொன்ன தொந்தரவுகளில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

எக்செல்லில் காப்பி செய்து வேர்டில் ஒட்டியதும் சார்ட்டின் கீழ் மூலையில் ஒரு சின்னக் குறி எட்டிப் பார்க்கும். அதை யாரும் கவனிப்பதில்லை, தானாகவே மறைந்துவிடும். அதைத் தட்டினால் ஐந்து வழிகள் காட்டும். இரண்டு வழிகளில் எக்செல் கோப்பே ஆவணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எம்பெட் என்கிறார்கள். இரண்டு வழிகளில் எண்கள் பழைய எக்செல் கோப்பிலேயே இருக்க, வேர்டு அதன் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும், இது லிங்க். ஐந்தாவது, வெறும் படம். எம்பெட், லிங்க் இரண்டிலும் 'மூலத்தின் நிறம் அப்படியே இருக்கட்டும்', 'ஆவணத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளட்டும்' என்று இரண்டு பிரிவு உண்டு. எதையும் தொடாமல் கன்ட்ரோல்-வி மட்டும் அடித்தால் வேர்டு எடுத்துக்கொள்வது, ஆவணத்தின் நிறம் கூட்டிய லிங்க். உங்கள் முதல் இரண்டு குழப்பத்துக்கும் இதுதான் வேர்.

நிறம் மாறியது ஏன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எக்செல் சார்ட்டில் நீங்கள் பார்த்த நீலம், 'நீலம்' என்று பதிவாகவில்லை. 'தீமின் முதல் நிறம்' என்றுதான் பதிவாகியிருக்கிறது. தீம் என்பது ஒரு கோப்புக்கென்று குறித்து வைத்திருக்கும் நிறங்கள், எழுத்துருக்களின் தொகுப்பு; உடுப்பு என்று நான் சொன்னது அதைத்தான். வேர்டு கோப்பின் தீமில் முதல் நிறம் வேறாக இருந்தால் சார்ட்டும் அந்த நிறத்துக்குப் போய்விடும். எழுத்துருவுக்கும் இதே கதைதான். 2023-இல் மைக்ரோசாஃப்ட் தன் இயல்புத் தீமையே மாற்றி, காலிப்ரி எழுத்துரு இருந்த இடத்தில் ஆப்டோஸைக் கொண்டுவந்தது. அதனால் பழைய எக்செல் கோப்பில் செய்த சார்ட்டைப் புதிய வேர்டு கோப்பில் ஒட்டுகிறவர்களுக்கு இது இப்போது அடிக்கடி நேர்கிறது. ஒட்டும்போதே 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' என்று வருவதைத் தேர்ந்தெடுத்தால் நிறம் நிற்கும். ஆனால் ஓர் ஆய்வேட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 31 சார்ட்டும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமானால், எல்லாமே ஆவணத்தின் தீமை எடுத்துக்கொள்வதுதான் வசதி. வேர்டில் டிசைன் டேபுக்குப் போய் 'கலர்ஸ்' என்பதை ஒருமுறை மாற்றினால் அத்தனையும் சேர்ந்து மாறும். கையால் நிறம் அடித்தவை மட்டும் அசையாமல் நிற்கும்; அப்போதே எவை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

சில சார்ட் மாறுவதும் சில மாறாததும் ஏன் என்பதில், உங்கள் கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலவற்றை லிங்காக, சிலவற்றை எம்பெடாக ஒட்டியிருக்கலாம். எல்லாம் லிங்காகவே இருந்து, நடுவில் எக்செல் கோப்புக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கலாம். அப்போது முதல் பாதி சார்ட்டுகள் பழைய கோப்பையும் பின்பாதி புதியதையும் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. கண்டுபிடிப்பது சுலபம். சார்ட்டைத் தட்டுங்கள். மேலே 'பிக்சர் ஃபார்மேட்' வந்தால் அது வெறும் படம். 'சார்ட் டிசைன்' வந்தால் அதிலுள்ள 'எடிட் டேட்டா'வை அமுக்குங்கள். திறக்கும் சின்னச் சன்னலின் தலைப்பில் 'சார்ட் இன் மைக்ரோசாஃப்ட் வேர்டு' என்று இருந்தால் எண்கள் உள்ளேயே இருக்கின்றன. உங்கள் எக்செல் கோப்பே திறந்தால், அல்லது லிங்க் கோப்பு கிடைக்கவில்லை என்று புலம்பினால், அது லிங்க்.

லிங்கில் பதிவாகும் முகவரி, டிரைவின் எழுத்து, ஃபோல்டர், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்த முழு முகவரி. பென்டிரைவில் வேர்டு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நெறியாளரின் கணினியில் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் சார்ட் தெரிகிறதே என்றால், கடைசியாகப் பார்த்த எண்களை வேர்டு தன்னிடம் ஒரு நகல் வைத்திருக்கிறது. அதைக் கொண்டு வரைந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ'வுக்குப் போனால், வலது கீழ்ப்பக்கம் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். எந்தச் சார்ட் எந்தக் கோப்பைப் பார்க்கிறது என்ற பட்டியல் முழுவதும் அங்கே கிடைக்கும். 'சேஞ்ச் சோர்ஸ்' கொண்டு சரியான கோப்பைக் காட்டலாம். எல்லா எண்ணும் இறுதியான பிறகு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு 'பிரேக் லிங்க்' கொடுத்துவிடலாம். அதற்குப் பின் நிறம், எழுத்து, அளவு எல்லாம் மாற்றலாம். எண்ணை மட்டும் மாற்ற முடியாது. சமர்ப்பிக்கும் பிரதிக்கு அதுதானே வேண்டும்?

அப்படியென்றால் எல்லாவற்றையும் எம்பெட் செய்துவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குச் சார்ட் ஒன்றை எம்பெட் செய்து, வேர்டு கோப்பாகவே எல்லோருக்கும் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அலுவலகம் முழுவதும் ஒரே பேச்சு. சார்ட்டில் 'எடிட் டேட்டா' அமுக்கிய யாரோ ஒருவருக்கு, பக்கத்து ஷீட்டில் இருந்த சம்பளப் பட்டியல் முழுவதும் கிடைத்துவிட்டது. எம்பெட் என்றால் அந்தச் சார்ட்டின் ஆறு எண்கள் மட்டும் போவதில்லை; எக்செல் கோப்பின் எல்லா ஷீட்டும் கூடவே போகும். நம்பிக்கை வரவில்லையென்றால் வேர்டு கோப்பை ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். 'எம்பெடிங்ஸ்' என்ற ஃபோல்டரில் எக்செல் கோப்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆய்வில் தகவல் தந்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் அந்த எக்செல்லில் இருந்தால் இது விளையாட்டு அல்ல. தவிர, 31 சார்ட்டுக்கு 31 முறை முழுக் கோப்பு உள்ளே போகும். ஆய்வேடு மின்னஞ்சலில் போக மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி பழைய பாணிதான். கணக்கெல்லாம் எக்செல்லில். சார்ட்டை வேர்டிலேயே 'இன்சர்ட்', 'சார்ட்' என்று உருவாக்குகிறேன். 'கேட்டகரி 1' முதல் 4 வரை, 'சீரிஸ் 1' முதல் 3 வரை என்று மாதிரி எண்களோடு ஒரு குட்டி ஷீட் திறக்கும். எக்செல்லில் இருந்து தேவையான எண்களை மட்டும் காப்பி செய்து அங்கே ஒட்டி, நீலக் கோட்டின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்து, நம் எண்கள் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் மாதிரி எண்களை அழித்துவிடுங்கள். ஆய்வேட்டின் நடுவில் 'சீரிஸ் 3' என்று ஒரு சாம்பல் தூண் நிற்பதை வைவா எனும் வாய்மொழித் தேர்வு அன்று பார்த்து நொந்தவர்கள் உண்டு. எண்கள் வாராவாரம் மாறும் மாத அறிக்கைக்கு லிங்க் நல்லது. ஒருமுறை முடிந்துபோகிற ஆய்வேட்டுக்கு இந்த வழி நல்லது என்பது என் அனுபவம். லிங்க் வைத்தே ஒழுங்காக முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

இனி எண்களைக் கொடுக்கும் விதம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை, லட்சத்தில்: 1951-இல் 301, 1961-இல் 337, 1971-இல் 412, 1981-இல் 484, 1991-இல் 559, 2001-இல் 624, 2011-இல் 721. எக்செல்லில் முதல் பத்திக்கு 'ஆண்டு' என்றும் இரண்டாவதற்கு 'மக்கள்தொகை' என்றும் தலைப்பு வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கோட்டு வரைபடம் போட்டால், எக்செல் ஆண்டையும் ஒரு எண்ணாக எடுத்துக்கொண்டு 2000-க்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கோடு போட்டுவிடும். 'ஆண்டு' என்ற தலைப்பை அழித்து அந்த மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போடுங்கள். ஆண்டு, படத்தின் கீழ் ஓரத்தில் உள்ள அச்சுக்கோட்டுக்குப் போய்விடும். இந்த ஒரு தந்திரத்துக்காக மட்டும் கடைக்கு வந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

கோட்டு வரைபடம் இடைவெளியை அளந்து போடாது. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே அளவு இடம்தான் கொடுக்கும். பத்தாண்டு இடைவெளியில் இருக்கும் வரை சரி. அதோடு வேறொரு ஆய்வின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீட்டையும் நடுவில் செருகினால், 2001-க்கும் 2005-க்கும் இடையே உள்ள நான்கு ஆண்டும், பக்கத்திலுள்ள பத்தாண்டும் ஒரே அகலத்தில் தெரிந்து சரிவே பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 'ஸ்கேட்டர்' வகையில் கோடு சேர்த்தது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண் இருக்கிறது, தூண் வரவில்லை என்றால் முக்கால்வாசி அது எண்ணாகவே இல்லை. 'ரூ. 4,500' என்று நீங்களே ரூபாயையும் சேர்த்துத் தட்டியிருந்தால் எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து, சார்ட்டில் பூஜ்யம். 4500 என்று மட்டும் தட்டிவிட்டு, ரூபாயை எண் வடிவத்தில் சேர்க்க வேண்டும். மறைத்துவைத்த வரிசைகளும் சார்ட்டில் வராது. பக்கம் அழகாக இருக்கட்டும் என்று எண்களை மறைத்ததும் சார்ட் காலியாகிவிட்டது என்று பதறுவார்கள். 'செலக்ட் டேட்டா'வுக்குள் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்ற பொத்தானில் ஒரு டிக் போட்டால் திரும்பி வரும். வேர்டில் வரிசையையும் பத்தியையும் இடம் மாற்றும் 'ஸ்விட்ச் ரோ காலம்' மங்கிக் கிடக்கிறதே என்றும் பலர் கேட்பார்கள். எண் ஷீட் திறந்திருக்கும்போது மட்டும்தான் அது உயிர் பெறும்.

லட்சம், கோடி விஷயத்தில் நம்மவர்கள் படும் பாடு தனி. அச்சில் 7,000,000 என்று மேல்நாட்டுக் கமா வந்தால், அச்சை இருமுறை தட்டி, வலது பக்கம் திறக்கும் பலகையில் 'நம்பர்' பகுதியில் இந்த வடிவத்தைக் கொடுத்துச் சேர்க்கலாம்: [>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0 . கழித்தல் எண்களுக்கு இது ஒத்துவராது, நஷ்டக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். இதைவிட எளிது, அதே பலகையில் 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்'. அதில் மில்லியன், பில்லியனோடு 100000 என்றும் 10000000 என்றும் இருக்கும். 100000-ஐத் தேர்ந்தெடுத்தால் அச்சில் 10, 20, 30 என்று சுருங்கிவிடும். பக்கத்தில் வரும் குறிப்பைத் தட்டி 'லட்சம் ரூபாய்' என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

தூண் படத்தில் அச்சு எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு சார்ட்டிலும் பாருங்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் மேலே தூக்கிவிடும். மூன்று பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடு 91, 93, 95 என்று வையுங்கள். அச்சு 89-இல் தொடங்கினால் முதல் தூணுக்கு 2 உயரம், கடைசித் தூணுக்கு 6. நான்கு விழுக்காடு வித்தியாசம் கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரியும். நீங்கள் ஏமாற்றவில்லை, மென்பொருள் செய்தது. ஆனால் வைவாவில் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். அச்சுப் பலகையில் 'மினிமம்' என்ற இடத்தில் 0 என்று தட்டிவிடுங்கள். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் பார்ப்பது உயரத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தை. இதில் கறாரானவர்களும் தளர்வானவர்களும் உண்டு, உங்கள் துறை வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் இரண்டாவது அச்சு வைப்பதும் அப்படித்தான். மேலே சொன்ன மக்கள்தொகையைத் தூணாகவும், பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தைக் கோடாகவும் ஒரே படத்தில் 'காம்போ' வகையில் போடலாம். 1961-71-இல் 22.3 விழுக்காடு, 1991-2001-இல் 11.7, அதற்கடுத்த பத்தாண்டில் மறுபடி 15.6 என்று கோடு சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் கோடும் தூணும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. இரண்டு அச்சின் எல்லையை மாற்றினால் வெட்டும் இடமும் மாறிவிடும். அந்த இடத்தைக் காட்டி ஒரு பத்தி எழுதிய ஆய்வேட்டை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வகையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தமிழில் எழுதுகிறவர்கள் நிற்கும் தூணைவிடப் படுக்கும் பட்டையைத்தான் அதிகம் பயன்படுத்த வேண்டும். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம் என்று பத்துப் பெயர்களைத் தூணுக்கு அடியில் வைத்தால் இடம் போதாமல் எழுத்து சாய்ந்துவிடும். கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். படுக்கைப் பட்டையில் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும். அதில் ஒரு தொல்லை, பட்டியலில் முதலில் இருப்பது படத்தில் கடைசிக்குப் போய்விடும். பெயர் அச்சின் பலகையில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்தால் சரியாகும். உடனே எண் அச்சு மேலே ஏறிக்கொள்ளும். அதே பலகையில் 'அட் மேக்சிமம் கேட்டகரி' கொடுத்தால் கீழே இறங்கிவிடும். வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட தன் நூலில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் காட்டியது இதே படுக்கைப் பட்டையில்தான், பக்கத்திலேயே நாடுகளின் பெயர்களோடு. வட்டப் படமும் அவர் தந்ததுதான், 1801-இல். வட்டத்தை நான்கைந்து பங்குக்கு மேல் போகாதபோது மட்டும் வையுங்கள். முப்பரிமாண வட்டம் வேண்டவே வேண்டாம். சாய்ந்து நிற்பதால் நம் பக்கம் இருக்கும் துண்டு அதன் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும்.

தமிழ் எழுத்துப் பிரச்சினைக்கு வருகிறேன். ஆங்கில எழுத்துக் குப்பை வருகிறது என்றால், அந்தப் பெயர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டவை என்று நிச்சயமாகச் சொல்லலாம். பாமினியில் நீங்கள் 'த' என்று பார்ப்பது கணினிக்கு ஆங்கில 'ஜே'தான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. எக்செல் கட்டத்துக்கு அந்த எழுத்துரு கொடுக்கப்பட்டிருப்பதால் அங்கே தமிழாகத் தெரியும். சார்ட் கட்டத்தின் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, தீமின் எழுத்துருவைப் போடுகிறது; வேஷம் கலைந்துவிடுகிறது. சார்ட்டைத் தேர்ந்தெடுத்து மொத்தத்துக்கும் பாமினி கொடுத்தால் தமிழ் வந்துவிடும், ஆனால் பாமினியில் கமா இருக்கும் இடத்தில் 'இ' உட்கார்ந்திருப்பதால் 1,25,000 என்பது '1இ25இ000' ஆகும். பழைய அலுவலக அறிக்கைகளில் இந்தக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழைத் தமிழாகவே கணினியில் பதிவு செய்யும் யூனிகோடு முறைக்கு மாற்றுவதுதான் ஒரே நிரந்தரத் தீர்வு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குக் குறை சொல்லாது என்று நினைக்கிறேன்.

யூனிகோடிலும் ஒரு சின்ன விஷயம். ஆபீஸ் தீம்கள் தமிழுக்கு லதா எழுத்துருவைக் குறித்து வைத்திருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டது. எல்லாக் கணினியிலும் இருக்காது. நிர்மலா யுஐ விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வருகிறது. சார்ட்டுக்கு வெளிப்படையாக அதைக் கொடுத்துவிடுங்கள். அச்சுக்கு எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

அளவு, இடம் பற்றி இரண்டு வார்த்தை. ஏ4 தாளில் பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலமும் வலப்பக்கம் ஓர் அங்குலமும் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 14.65 சென்டிமீட்டர். எல்லாச் சார்ட்டையும் 14 அகலம், 8 உயரம் என்று 'ஃபார்மேட்' டேபில் எண்ணாகவே தட்டிவிடுங்கள், மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அளவைச் சுருக்கினால் எழுத்து கூடவே சுருங்காது. ஆகவே முதலில் அளவு, பிறகு எழுத்து. சார்ட் ஒட்டியதும் ஒரு கீற்று மட்டும் தெரிந்து மீதி காணாமல் போனால், அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும். 'சிங்கிள்' ஆக்குங்கள், முழுதாக வெளியே வரும். இதே பத்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்தால் படம் ஒரு பக்கம், தலைப்பு மறு பக்கம் என்று பிரியாது. தலைப்பைக் கையால் 'படம் 4.7' என்று எழுத வேண்டாம். 'ரெஃபரன்ஸஸ்' டேபில் 'இன்சர்ட் கேப்ஷன்' கொடுத்து 'படம்' என்று புது லேபிள் உருவாக்கிக்கொண்டால், நடுவில் ஒன்றை நீக்கினாலும் கன்ட்ரோல்-ஏ, எஃப்9 அழுத்தியதும் எண்கள் சரியாகிவிடும். படங்களின் பட்டியலும் தானாக வரும்.

ஆய்வேட்டின் பிரதிகளில் சில கருப்பு வெள்ளையில்தான் ஜெராக்ஸ் ஆகும். ஆபீஸின் நீலமும் ஆரஞ்சும் ஜெராக்ஸில் ஏறக்குறைய ஒரே சாம்பல். 'சேஞ்ச் கலர்ஸ்' என்பதில் ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டே தொகுதிதான் என்றால் ஒன்றைக் கோடு போட்ட நிரப்பலாகவும் மாற்றலாம். முக்கியமான ஒரே ஒரு தூணை மட்டும் தனித்துக் காட்ட, ஒருமுறை தட்டினால் மொத்தத் தொகுதியும் தேர்வாகும். சற்று நிறுத்தி இன்னொரு முறை தட்டினால் அந்த ஒன்று மட்டும் தேர்வாகும்.

இப்போது உங்கள் 31 சார்ட்டுக்கு என்ன செய்வது? முதலில் கோப்பை நகல் எடுங்கள். லிங்க் பட்டியலைத் திறந்து எவை எந்தக் கோப்பைப் பார்க்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்புக்குத் திருப்பி, எண்களைச் சரிபாருங்கள். ஒரே ஒரு சார்ட்டை எடுத்து, நிர்மலா யுஐ, நிறம், கட்டக்கோடுகள், எண் வடிவம் எல்லாவற்றையும் உங்கள் மனத்துக்குப் பிடித்தபடி செதுக்குங்கள். பிறகு அதன்மேல் வலது சொடுக்கில் 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுங்கள். மற்றவை ஒவ்வொன்றிலும் 'சேஞ்ச் சார்ட் டைப்' போய் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதில் அதைத் தேர்ந்தெடுத்தால் உடுப்பு மாறிவிடும். பட்டைக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்று தனித்தனி டெம்ப்ளேட் வேண்டும். பட்டை டெம்ப்ளேட்டைக் கோட்டுக்குக் கொடுத்தால் கோடும் பட்டையாகிவிடும். அளவு டெம்ப்ளேட்டில் வராது, அதைக் கையால்தான் தட்ட வேண்டும். இந்த வேலையை நெறியாளர் எண்களை ஒப்புக்கொண்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் செய்தால் மறுபடியும் உட்கார வேண்டியிருக்கும். பழகிய கைக்கு இது ஒரு மாலை நேர வேலை, முதல்முறை செய்கிறவருக்கு இரண்டு நாள் பிடிக்கும். வழியில் எந்தச் சார்ட் முரண்டு பிடிக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், எடிட் டேட்டாவில் என்ன சன்னல் திறந்தது என்பதையும் சேர்த்து.